சீட்டைக் கீழே வைக்கப் பழகியவள்

அருந்ததிக்கு ஐம்பத்தொரு வயது. வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். நடந்து போகிற தூரத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே இருபத்தாறு வருடமாக வேலை. காலை ஏழு மணிக்கு மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தால், கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தத்தில் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணிக்கொண்டே இருப்பாள். அவசரப்பட்டால் எண்ணிக்கை பிழைக்கும். யாரோ ஒருவருக்குத் தவறான மருந்து போகும். "அருந்ததி மிஸ்ஸின்ர பொறுமை ஆருக்கு வரும்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பாராட்டு அவளுக்குக் கசக்கும். பொறுமையாக இருந்து அவள் கண்ட பலன் அப்படி. இருபத்தெட்டு வயதில் பிரான்சிலிருந்த ஒருவருக்குப் பேசி முடித்தார்கள். அவருக்கு விசா கிடைக்கும்வரை நாலு வருடம் காத்திருந்தாள். விசா கிடைத்ததும் அவர் அங்கேயே ஒருத்தியைக் கட்டினார். தம்பி ஜனா கனடாவுக்குப் போய், "அக்கா, அடுத்த வருசம் உங்களையும் அம்மாவையும் கூப்பிடுறன்" என்றான். அது ஏழு வருடம் இழுபட்டு இல்லையென்று ஆயிற்று. பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். ஒன்பது வருடம். இரண்டாயிரத்து இருபத்தொன்றில், கொரோனா காலத்தில், நாலே பேர் நிற்க அம்மாவின் உடல் எரிந்தது. ஜனா அதைக் கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து போனில் பார்த்தான்.

அதன்பிறகுதான் அருந்ததி சீட்டுக் கட்டை எடுத்தாள். வேலை முடிந்து வந்து, தேநீர் போட்டு, சாப்பாட்டு மேசையில் சீட்டுகளை ஏழு வரிசையாகப் பரப்பி, ஒருவரே விளையாடும் அந்த ஆட்டத்தை விளையாடுவாள். கட்டு முழுவதும் ஒழுங்காக வந்து முடிந்தால் கலைத்துவிட்டு மறுபடி பரப்புவாள். முடியாவிட்டாலும் அதேதான்.

அடுத்த வருடம் மின்வெட்டு மலிந்த காலத்தில் கட்டடத்தின் லிஃப்ட் அடிக்கடி இடையில் நின்றது. அதைத் திருத்த வருபவன் பெயர் புஷ்பராஜ். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை மூன்றாம் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவன் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தான். மேசையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தான்.

"என்னாக்கா, தனியாவா வெளாடுறீங்க?"

"இது தனிய விளையாடுறதுதான்."

"போக்கர் தெரியுங்களா?"

"ஆக்கள் விளையாடக் கண்டிருக்கிறன். விளையாடினதில்ல."

"கொட்டாஞ்சேனையில மாக்ரெட் அக்கான்னு ஒருத்தங்க வீட்டுல சனிக்கெழமதோறும் வெளாடுவோம். காசு கீசு ஒன்னும் கெடையாது. அவங்க வீட்டு மேச பெரிசு, ஒரு ஆள் கொறையுது. வாங்களேன்."

தெரியாத வீட்டுக்கு அப்படிப் போகிறவள் அல்ல அருந்ததி. ஆனால் அந்தக் கிழமை முழுவதும் வேலைக்கு வெளியே அவளோடு பேசியவர்களை எண்ணிப் பார்த்தாள். பேக்கரிப் பாண் கொண்டுவருபவன் ஒருவன், புஷ்பராஜ் ஒருவன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினாள்.

மாக்ரெட்டின் வீடு, கத்தோலிக்கக் கோவில் மணி கேட்கும் தூரத்தில், பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. தொலைபேசி நிலையத்தில் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற விதவை, எழுபது வயது, ஒரே மகள் நீர்கொழும்பில். மேசையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஸாலிஹ், மருதானையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர், வாய் ஓயாதவர். மற்றவர் நாகேந்திரம், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்தபின் வெள்ளவத்தைக்குப் பக்கத்துப் பாமன்கடையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார்.

"வா புள்ள, ஒக்காரு," என்று மாக்ரெட் ஐந்தாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

காசுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்கள். ஆளுக்கு ஐம்பது. யாருடைய பொத்தான் முதலில் முடிகிறதோ அவர் கீழே இறங்கிப் பேக்கரியில் ரோல்ஸும் மீன் வைத்த மாலு பணிஸும் வாங்கிவர வேண்டும். ஆட்டம் கடினமில்லை. ஒவ்வொருவர் கையிலும் மற்றவர் பார்க்க முடியாத இரண்டு சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பொத்தான் வைத்துத் தொடரலாம். அல்லது சீட்டைக் கீழே வைத்து விலகலாம். விலகுகிறவர் "நான் இல்லை" என்று சொல்ல வேண்டும். அது மாக்ரெட் வீட்டு வழக்கம்.

அந்த இரண்டு சொல்லும் அருந்ததிக்கு வரவில்லை. ஏழும் இரண்டும் வந்தாலும் பொத்தான் வைத்தாள், மூன்றும் ஒன்பதும் வந்தாலும் வைத்தாள். எல்லோரும் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் காத்திருந்தாயிற்று, விளையாட்டிலுமா காத்திருக்க வேண்டும்? கிழமைக்கு ஒருநாள், நாலு மணித்தியாலம், அவள் ஒன்றுக்கும் காத்திருக்கவில்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் தோற்றாள். பேக்கரிக்காரர் அவளைத் தூரத்தில் கண்டதுமே பெட்டியை எடுத்து வைப்பார். "அதத் தஹயய் நேத, மிஸ்?" இன்றைக்கும் பத்துத்தானே மிஸ் என்று சிரிப்பார். ஒரு வருடம் அப்படிப் போயிற்று. அதுவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் பலகாரப் பெட்டியோடு படியேறி வரும்போது மேலே நாகேந்திரத்தின் குரல் கேட்டது.

"அருந்ததியோட விளையாடப் பெரிய மூளை ஒண்டும் தேவையில்ல. பஸ் ஹோல்ட்டில நிக்கிறது மாதிரி. கொஞ்ச நேரம் பேசாம நிண்டால், அவவே எல்லாத்தையும் கொண்டுவந்து தந்திட்டுப் போவா."

ஸாலிஹ் உரக்கச் சிரித்தார். புஷ்பராஜும் சிரித்தான். "பாவம், விடுங்க," என்று மாக்ரெட்டும் சிரிப்போடுதான் சொன்னார்.

அருந்ததி படியில் நின்றாள். கையில் பெட்டி சூடாக இருந்தது. தான் அங்கே நட்போடு வரவேற்கப்படுகிறாள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தாள். இரண்டு நிமிடம் கழித்து, செருப்புச் சத்தம் கேட்க ஏறிப் போய், எல்லோருக்கும் ரோல்ஸ் வைத்துக் கொடுத்தாள். அன்று தேநீர் குடிக்காமல் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை கெட்டி அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் போனில் வீடியோக்கள் பார்த்தாள். எந்த இரண்டு சீட்டோடு உள்ளே போகலாம், எதோடு போகக்கூடாது, கடைசியாகப் பேசுகிற இடத்தில் இருப்பது ஏன் நல்லது என்றெல்லாம் குறித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு உண்மையைச் சொன்னது வீடியோக்கள் அல்ல, அவளுடைய தொழில்தான். அணுக்களை எண்ணுவதுபோலத் தன்னை எண்ணினாள். சனிக்கிழமை ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கொப்பியில் ஒரு கோடு. உள்ளே போனதா, விலகியதா, போனால் ஏன் போனாள். நூறு ஆட்டம் சேர்ந்ததும் கூட்டினாள். எண்பத்துமூன்றில் உள்ளே போயிருந்தாள். காரணம் எழுதிய இடங்களைப் படித்தபோது முகம் சுட்டது. "நல்ல சீட்டு" என்று பதினொரு இடத்தில் இருந்தது. மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே வசனம்: "இருக்க வேணும் போல இருந்தது."

அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் விளையாடவேயில்லை, வெளியே நிற்கப் பயந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள் என்று விளங்கியது.

ஐந்து ஆட்டத்தில் ஒன்று. அதற்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்தாள். சொல்வது லேசு. முதல் சனிக்கிழமை பதினான்கு தரம் தொடர்ந்து "நான் இல்லை" என்று சொன்னாள். பதினைந்தாவது தரம் கை தானாகப் பொத்தான்களுக்குப் போனது. மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். ஸாலிஹ், "என்ன மிஸ், ஒடம்பு சொகமில்லயா? வெளாட்டுக்கே வரமாட்டேங்கிறீங்க," என்றார். கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்தது. மூன்றாவது மாதத்தில்தான் அது மாறியது. மற்றவர்கள் விளையாடும்போது அவள் அவர்களைப் பார்க்கத் தொடங்கினாள். நல்ல சீட்டு வந்தால் ஸாலிஹ் கதையைப் பாதியில் விடுவார். நாகேந்திரம் முனகிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்துவார். புஷ்பராஜ் பொய்யாக வைக்கும்போது பொத்தான்களை ஒழுங்காக அடுக்குவான். இத்தனை நாள் அந்த முகங்களுக்கு நடுவில் இருந்தும் ஒன்றையும் அவள் பார்த்திருக்கவில்லை. இந்தக் காத்திருப்பு வேறு மாதிரியானது. இதில் அவளை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. எப்போது போவது என்பதை அவளே தீர்மானித்தாள்.

ஒருமுறை சறுக்கினாள். அம்மாவின் இரண்டாவது திவசம் சனிக்கிழமையில் வந்தது. காலையில் கோயிலுக்குப் போய்வந்து, ஜனாவின் அழைப்புக்காகப் பன்னிரண்டு மணிவரை இருந்தாள். அவன் மறந்துவிட்டான். கொட்டாஞ்சேனைக்குப் போனவளுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே இரண்டு ஆசு வந்தது. அதைவிடப் பெரிய சோடி கிடையாது. ஒழுங்காகத்தான் விளையாடினாள். கடைசிச் சீட்டில் நாகேந்திரத்துக்கு மூன்றாவது எட்டு வந்து விழுந்தது. பாதிப் பொத்தான் போயிற்று. அதற்குப் பிறகு என்ன சீட்டு வந்தது என்றே அவள் பார்க்கவில்லை. எட்டு ஆட்டம் தொடர்ந்து உள்ளே போய் எல்லாவற்றையும் இழந்தாள். பேக்கரிக்கு இறங்கும்போதுதான் தனக்குக் கோபம் நாகேந்திரத்தில் இல்லை என்று தெரிந்தது. கொப்பியில் புது விதி எழுதினாள்: பெரிய ஆட்டம் தோற்றால் எழும்பிக் குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடி, கிடக்கும் கோப்பைகளைக் கழுவு, மூச்சு ஒழுங்கானதும் வா.

அடுத்த வருட நடுப்பகுதியில் அந்த மேசையில் அவளை வெல்ல ஆளில்லை. பேக்கரிக்கு மற்றவர்கள் இறங்கினார்கள். ஆனால் அவள் பேச்சும் குறைந்துவிட்டிருந்தது. ஸாலிஹ் கதை சொல்லும்போது கதையைக் கேட்காமல் அவர் கையைக் கவனித்தாள். தேநீர் இடைவேளையில் ஒரு பக்கமாகப் போய்க் கொப்பியில் எழுதினாள். "பேய் மாதிரிப் பாக்குறீங்கக்கா," என்று புஷ்பராஜ் விளையாட்டாகச் சொன்னான். அதை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

மாக்ரெட்டைப் பற்றியும் கொப்பியில் ஒரு குறிப்பு இருந்தது. "சீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை." அந்தக் குறிப்பு தவறவேயில்லை. அதை வைத்து எத்தனையோ தரம் வென்றாள்.

ஒரு சனிக்கிழமை மேசையில் இரண்டு ராணியும் ஏழும் நாலும் திறந்து கிடந்தன. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். மாக்ரெட் தன் சீட்டை ஒருதரம் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். ஐந்தாவது பொதுச் சீட்டு திறந்ததும் மூன்றாவது தரம் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த பொத்தான் முழுவதையும் நடுவில் தள்ளினார். முகத்தில் ஒரு சந்தோஷம். "இன்னைக்கு நீதான் ரோல்ஸ் வாங்கப் போற, புள்ள."

அருந்ததியிடம் சொல்லக்கூடியதாக ஒரு ஏழு மட்டும் இருந்தது. "வைக்கிறன்," என்றாள்.

மாக்ரெட் சீட்டைத் திருப்பினார். ஒன்பதும் ஐந்தும், மேசையில் எதோடும் சேராதவை. அதைப் பார்த்தபடியே இருந்தார். சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "ராணி இருந்துச்சே," என்றார். "இப்பதானே பார்த்தேன். ராணி இருந்துச்சே எங்கிட்ட." மேசைக்குக் கீழே குனிந்து தேடினார்.

முந்தின ஆட்டத்தில்தான் அவரிடம் ராணி இருந்தது.

ஸாலிஹ் எழும்பி, "வெயில் கூட, இன்னைக்குப் போதும்," என்றார். புஷ்பராஜ் பொத்தான்களைப் பெட்டியில் அள்ளினான். நாகேந்திரம் அருந்ததியோடு படியிறங்கினார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார்.

"போன ஈஸ்டருக்குப் பிறகு அவவுக்கு இப்பிடித்தான். கோவிலுக்குப் போய்ட்டு வீட்டுக்கு வர வழி தெரியாமச் சந்தியில நிண்டவ. எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆறு மாசமா நாங்கள் அவவுக்கு விட்டுக் குடுக்கிறம். உம்மைத் தவிர."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, அண்ணை."

"உமக்குச் சொல்ல வேணுமே? எங்களையெல்லாம் அப்பிடி உத்துப் பாக்கிறீர். அவ திரும்பத் திரும்பப் பாக்கிறா எண்டு கொப்பியில எழுதியிருப்பீர். ஏன் பாக்கிறா எண்டு யோசிக்கேல்ல."

பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஸாலிஹ் போன் எடுத்தார். "இந்தக் கெழம வெளாட்டு இல்ல மிஸ், மாக்ரெட் அக்காக்குக் கொஞ்சம் சொகமில்ல." அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். மூன்றாவது கிழமை அழைப்பே வரவில்லை. மாத முடிவில் லிஃப்ட் பார்க்க வந்த புஷ்பராஜின் சட்டைப் பையில் மாக்ரெட் வீட்டுக்குக் கீழிருந்த பேக்கரியின், எண்ணெய் ஊறிய பை ஒன்று தெரிந்தது. அவள் பார்ப்பதைக் கண்டு அவன் தலையைக் குனிந்தான்.

"ஒங்களையும் கூப்பிடலாமான்னு நானும் கேட்டேன் அக்கா. நாகேந்திரம் ஐயாதான் கொஞ்ச நாள் போகட்டும்னாரு. நாங்க சும்மா உக்காந்து பேசத்தானே போறோம். நீங்க நெசமா வெளாடுறீங்க."

"பிழையில்ல, தம்பி," என்றாள். கதவைச் சாத்தியபிறகு வெகுநேரம் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கழகம் வருடத்துக்கு ஒருமுறை போக்கர் போட்டி நடத்துவது அவளுக்குத் தெரியும். யாரும் சேரலாம். பெயர் கொடுத்தாள். போட்டி ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கியது. எழுபத்திரண்டு பேர், பெண்கள் மூன்று பேர். ஏசி குளிர்; அவள் சால்வை கொண்டுபோயிருக்கவில்லை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இளைஞர்கள் அவளை ஒருவருடைய அம்மா என்று நினைத்துத் துணைக்கு வந்தவர்கள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்கள்.

முதல் இரண்டு மணித்தியாலத்தில் நாலு ஆட்டம்தான் விளையாடினாள். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். மூன்று மணிக்கு அவளுக்கு இரண்டு ராணி வந்தது. எதிரே கறுப்புத் தொப்பி போட்ட பையன், இதுவரை ஒருதரமும் முழுவதையும் தள்ளாதவன், தன் சிப்ஸ் வில்லைகள் எல்லாவற்றையும் தள்ளினான். அவன் தொண்டை ஏறியிறங்கவில்லை. கை அமைதியாக இருந்தது. இரண்டு ராணியைக் கீழே வைப்பது லேசான காரியமல்ல. மேசையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்தாள். கீழே வைத்துவிட்டாள். பையன் தன் சீட்டைக் காட்டாமலே கலைத்துக் கொடுத்தான். அவனிடம் என்ன இருந்தது என்று அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவள் அதுவரை பழகியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. அதைப் பார்த்து நல்லது என்று சொல்லவோ பிழை என்று சொல்லவோ ஒருவர் இல்லை.

கடைசி மேசைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அவள் அதில் ஒருத்தி. ஐந்து மணிக்கு, ஆசும் ராசாவும் கையிலிருக்க, சரியான நேரத்தில், தன்னைவிடக் குறைந்த சீட்டு வைத்திருந்தவனிடம் முழுவதையும் வைத்தாள். கடைசிச் சீட்டு அவனுக்கு விழுந்தது. ஆறாவது இடம். எழும்பி, மேசையில் இருந்தவர்களுக்குக் கை கொடுத்தாள். "ஹொந்தட்ட கஹுவா, அக்கே," நன்றாக விளையாடினீர்கள் அக்கா, என்றான் அவளை வென்றவன். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. தண்ணீர் குடிக்க ஓட வேண்டியும் இருக்கவில்லை.

காலி வீதிக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜனாவுக்குப் போன் எடுத்தாள். அங்கே காலை.

"என்னக்கா, இந்த நேரத்தில? சுகமில்லையோ?"

"இல்ல, சும்மா எடுத்தனான்."

"பிரஷர் குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களோ?"

"ஓம்."

"வாகனச் சத்தம் கேக்குது. எங்க நிக்கிறீங்கள்?"

"கடைக்கு வந்தனான்."

"சரியக்கா, பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருக்கு. கொண்டுபோய் விடோணும். பிறகு எடுக்கிறன்."

பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் வெள்ளவத்தைவரை நின்றே போனாள். இரண்டு ராணியைக் கீழே வைத்தது என்னவென்று விளங்கக்கூடிய மனிதர்கள் அவளுக்குத் தெரிந்து நாலே பேர். அவர்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுப் போனாள். மாக்ரெட் தனியாகத்தான் இருந்தார். கதவைத் திறந்து, பெயர் நினைவுக்கு வரச் சற்று நேரம் எடுத்துப் பிறகு கையைப் பிடித்தார்.

"ஏன் புள்ள வர்றதில்ல? அன்னைக்கு என்னமோ நடந்துச்சு. யாரக் கேட்டாலும் ஒன்னுமில்ல ஒன்னுமில்லங்கிறாங்க. நீயாவது சொல்லு."

அருந்ததி சொன்னாள். ராணியைச் சொன்னாள், ஒன்பதையும் ஐந்தையும் சொன்னாள், தான் கொப்பியில் எழுதி வைத்திருந்ததையும் சொன்னாள். "எனக்குத் தெரியேல்ல அக்கா. தெரிஞ்சிருக்க வேணும். தெரியேல்ல," என்றாள்.

மாக்ரெட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன நாளா எனக்கு விட்டுக் குடுக்கிறாங்க?"

"ஆறு மாசம் எண்டு அண்ணை சொன்னவர்."

"நெனச்சேன். அந்த நாகேந்திரம் பாட்ட நிப்பாட்டிட்டு 'நான் இல்லை'ங்கிறான். அவன் பாட்ட நிப்பாட்டினா என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?" சிரித்தார். சிரிப்பு நின்றபிறகு கண்ணைத் துடைத்தார். "சீட்டக் கொண்டா. விட்டுக் குடுக்காம வெளாடு."

இருவரும் விளையாடினார்கள். முதல் ஆட்டத்தில் அருந்ததி நல்ல சீட்டைக் கீழே வைத்தாள். மாக்ரெட் கையை நீட்டி அதைத் திருப்பிப் பார்த்து, "மறதிதான் வந்திருக்கு. மூள போயிரல," என்று கோபித்தார். அதற்குப் பிறகு அருந்ததி உண்மையாகவே விளையாடினாள். மாக்ரெட் சீட்டை எத்தனை தரம் பார்த்தாலும் அத்தனை தரமும் காத்திருந்தாள். சில சமயம் ஒரு ஆட்டம் முடியக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மாக்ரெட் தோற்றார். ரோல்ஸ் வாங்க இறங்குகிறேன் என்று செருப்பைப் போட்டார். அருந்ததியும் கூட இறங்கினாள்.

போட்டியைப் பற்றியும் சொன்னாள். மாக்ரெட் அதைக் கேட்டு, "ராணியவா கீழ வச்சே? ரெண்டையுமா?" என்று வாயில் கை வைத்தார். அடுத்த புதன்கிழமை அது அவருக்கு நினைவில்லை. அருந்ததி மறுபடி சொன்னாள். அவரும் அதேபோல வாயில் கை வைத்தார்.

புதன்கிழமைகள் எட்டு மாதம் நடந்தன. சனிக்கிழமைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. தை மாதம் மகள் வந்து மாக்ரெட்டை நீர்கொழும்புக்குக் கூட்டிப்போனாள். வீட்டை வாடகைக்கு விட்டார்கள். அத்தோடு சனிக்கிழமை மேசையும் கலைந்தது. புஷ்பராஜ் வேலை தேடிக் கட்டாருக்குப் போனான். ஸாலிஹ் கடையை மகன்மாரிடம் விட்டுவிட்டுப் பெரும்பாலும் பள்ளிவாசலில் இருந்தார்.

அருந்ததி ஒருமுறை நீர்கொழும்புக்குப் போனாள். மாக்ரெட் அவளைத் தொலைபேசி நிலையத்தில் தன்னோடு வேலை செய்த யாரோ ஒருத்தி என்று நினைத்து, சுப்பவைசரைப் பற்றிச் சந்தோஷமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அருந்ததி அந்த ஒருத்தியாகவே இருந்து எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். சீட்டுக் கட்டு அவள் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

இப்போது வருடத்துக்கு மூன்று போட்டிக்குப் போகிறாள். போன புரட்டாதியில் மூன்றாவதாக வந்தாள். சால்வை கொண்டுபோகிறாள், தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகிறாள், காலையில் வந்து மாலையில் தனியாகத் திரும்புகிறாள். அங்கே சிலர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. கொப்பிகள் நாலு சேர்ந்துவிட்டன. சனிக்கிழமைகளில் துணி தோய்த்துக் காயப்போட்டுவிட்டுப் பாமன்கடைப் பக்கம் மரக்கறி வாங்கப் போவாள்.

அங்கே நாகேந்திரத்தை இரண்டு மூன்று தரம் கண்டாள். மெலிந்திருந்தார். முதல் தரம் தலையை மட்டும் ஆட்டினார். பிறகொருநாள் மாக்ரெட்டைப் பற்றி விசாரித்தார். போன மாதம், மரக்கறிக்காரர் மிச்சக் காசு எடுத்து வரும்வரை இருவரும் பக்கத்தில் நின்றபோது, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"ரெண்டு பேர் விளையாடலாம் தானே, என்ன?"

"விளையாடலாம்."

"எனக்கு விட்டுத் தரத் தேவையில்ல. நான் தோற்பன். அது பரவாயில்ல."

யோசித்துச் சொல்வதாக அருந்ததி சொன்னாள். அவர் கைபேசி இலக்கத்தை மரக்கறிப் பையில் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து கத்தரிக்காயை எடுத்து வைத்துவிட்டு, பையை மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். அவருக்கு இன்னும் போன் எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்றும் அவள் முடிவு செய்யவில்லை.